மூன்றாவது உறுப்பினர்

யோகேஸ்வரி அப்பாவின் சவப்பெட்டிமேல் போர்த்தியிருந்த சிவப்புக் கொடியை உருவியெடுத்து, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அன்று காலையில் இது எத்தனையாவது தடவை என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

முதலில் வந்த அப்பாவின் கட்சித் தோழர் ஹுசைன் நானா ஒரு கொடியைப் போர்த்தினார். அவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து ஹியூபேட் அங்கிள் அதை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டுத் தன்னுடைய பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போர்த்தினார். ஹுசைன் நானா திரும்பி வந்து பார்த்தார். தன்னுடையதை அதற்கு மேலேயே விரித்தார். இரண்டும் சிவப்பு. இரண்டிலும் நடுவில் வெள்ளைச் சக்கரம். ஒன்றில் மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நெற்கதிர் இருந்தது. அந்த நெற்கதிரால்தான் இரண்டு கிழவர்களும் வருடக்கணக்காக முகம் பார்த்துப் பேசுவதில்லை.

“மகள், அவர்ட சொல்லுங்க, மாநாட்டுல கைதூக்கிப் பாஸ் பண்ணின கொடி இதுதாண்டு,” என்றார் ஹுசைன் நானா, பெட்டியின் தலைமாட்டிலிருந்து.

ஹியூபேட் அங்கிள் கால்மாட்டில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெட்டியின் நீளம்தான். அவரும் யோகேஸ்வரியைப் பார்த்தே, மகள் என்பதைச் சிங்களத்தில் ‘துவே’ என்று சொல்லி, பதில் சொன்னார். “அந்தச் சம்மேளனத்துக்குக் கோரம் இருந்ததில்ல துவே, வேண்டிய அளவு ஆள் வரல்ல. கோரம் இல்லாம எடுத்த தீர்மானம் செல்லாது. அவருக்கும் அது தெரியும்.”

அப்பா இருந்தவரை இந்த வேலையை அப்பா செய்தார். மூன்று பேரும் ஒரே மேசையில் இருப்பார்கள். ஹுசைன் சொல்வதை ஹியூபேட்டுக்கும், ஹியூபேட் சொல்வதை ஹுசைனுக்கும் அவர்தான் திரும்பச் சொல்வார். அலுத்துக்கொண்டதே இல்லை. இப்போது அவர் முகத்தில் பவுடர் பூசி, நீளக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, ஒரு ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரைப்போலப் படுத்திருந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவர் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

அம்மாவோடு கதைக்காமல் எந்தக் கொடியும் போடக்கூடாது என்று யோகேஸ்வரி சொல்லிவிட்டாள். அம்மாவால் இதையெல்லாம் இப்போது தாங்க ஏலாது என்றும் சொன்னாள். பெட்டியைப் பார்வைக்கு வைத்திருந்த மலர்ச்சாலையின் சுவரோரம் அம்மா நாகமணி ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் மடியில் கைகளை வைத்தபடி இருந்தாள். வருகிறவர்கள் குனிந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் அழவில்லை. மின்விசிறி அவளுடைய சேலைத் தலைப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அப்பா வேலுசாமி இறந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று கட்சியின் செயற்குழுக் கூட்டம். கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் கதிரைகளைப் போட்டுவிட்டு ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் வந்த ஹுசைன் நானா, தலைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, எழுப்பாமல் எதிரே இருந்து பேப்பர் வாசித்திருக்கிறார். அம்மா பிளேன்டியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நானா, பேப்பரை மடிங்க,” என்றாளாம். வெள்ளவத்தையிலிருந்து யோகேஸ்வரி ஓட்டோவில் வந்து இறங்கியபோது ஹுசைன் நானா அந்தப் பேப்பரை இன்னும் மடித்துக்கொண்டிருந்தார்.

கட்சியின் பெயர் பொதுமை ஜனநாயகக் கட்சி. கிராண்ட்பாஸ் பக்கத்துச் சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்றில், எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் தொடங்கியது. ஒரு தேத்தண்ணிக் கடையின் மேல்மாடியில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக ஒரு நாற்பது பேர் கூடி, கொள்கைப் பிரகடனத்தை ஒவ்வொரு வரியாக வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். தொழிற்சாலையும் வங்கியும் நிலமும் பொதுவாக வேண்டும். ஆனால் அது மக்களின் சம்மதத்தோடு, வாக்கினால் வரவேண்டும், துப்பாக்கியால் அல்ல. இரண்டு மொழியும் சமம். இந்த நாட்டில் வாழ்கிற எவரும் உறுப்பினராகலாம், பிரஜாவுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்தக் கடைசி வரி வேலுசாமி கேட்டுச் சேர்த்தது. பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த அவருக்கு அப்போது பிரஜாவுரிமை இல்லை. நாட்டில் ஒரு வாக்குக்கூட இல்லாத மனிதர், வாக்கினால் நாட்டை மாற்றலாம் என்று ஒரு கட்சியைத் தொடங்கியதை நினைத்தால் யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வராது. எரிச்சல்தான் வரும்.

பிறகு துப்பாக்கிதான் வேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம் போனார்கள். மந்திரியின் வாகனம் போதும் என்றவர்கள் மற்றப் பக்கம் போனார்கள். பலர் வெளிநாடு போனார்கள். சிலர் செத்தார்கள். அப்பா ஒரு தொடர்மாடியில் காவலாளியாக வேலை பார்த்துக்கொண்டு, கட்சியையும் காவல்காத்தார். பிரஜாவுரிமை கிடைத்தபிறகு இரண்டு முறை மாநகரசபைத் தேர்தலில் கேட்டுத் தோற்றார். யோகேஸ்வரிக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு கிடைத்த அன்று அவர் வரவில்லை. வெள்ளம் வந்த லயன் வீடுகளுக்காக எங்கோ மறியல். பழைய தோழர் ஒருவர் பெரிய இடத்துக்குப் போனபிறகு, தெமட்டகொடையில் ஒரு மாடிவீடு எடுத்துத் தருவதாக ஆள் அனுப்பினார். அப்பா அதைச் செயற்குழுவில் வைத்தார். செயற்குழு ஏகமனதாக நிராகரித்தது. அந்த ஏகமனதில் அப்பாவின் கையும் இருந்தது. அன்றைக்கும் மழைக்கு முன்னறையில் வாளி வைத்திருந்தார்கள்.

“அக்கா சரியாச் சாப்பிட்டாளா?” என்று கேட்டுக்கொண்டு சந்திரகுமார் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. கிருலப்பனையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் கிரியையைத் தானே செய்வதாக முதல்நாளே முடிவெடுத்து, ஐயரையும் பேசி, வேட்டியும் கட்டி வந்திருந்தார். வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், குடம் எல்லாம் ஒரு பெட்டியில் காரிலிருந்து இறங்கின. சுடலைக்கு ஆண்கள் மட்டும் போவார்கள், அக்காவை அவள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் மனைவி தலைக்குத் தண்ணீர் வார்ப்பாள், என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். யோகேஸ்வரிக்கு ஒருவராவது ஒழுங்காக வேலை செய்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை. அந்தச் சாமான் பெட்டியைப் பார்த்ததும் ஹியூபேட் அங்கிள் கால்மாட்டை விட்டு வந்தார். ஸ்தாபக உறுப்பினரின் மரணச்சடங்கில் சமயக் கிரியை நடக்க ஏலாது என்றார். அவர் ஹெந்தளையைச் சேர்ந்தவர், கத்தோலிக்க வேதக்கார வீட்டில் பிறந்தவர். கோயிலில் கலியாணம் கட்ட மாட்டேன் என்று நின்றதால் அவருடைய சொந்தத் தாயே அவருடைய கலியாணத்துக்கு வரவில்லை. தான் அவ்வளவு கொடுத்த ஒன்றை வேலுசாமிக்கு மட்டும் விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை.

“மச்சானுக்குக் கொள்கை இருந்திருக்கும்,” என்றார் மாமா. “இப்ப அவருக்குக் கொள்கை ஒண்ணும் கெடையாது. இப்ப இருக்கிறது எங்க அக்கா.”

மலர்ச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் றொஹான் இதற்குள் இரண்டு தரம் வந்துவிட்டான். மாதம்பிட்டிச் சுடலையில் நான்கு மணிக்கு நேரம் எடுத்திருப்பதாகவும், பிந்தினால் அடுத்த பெட்டிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்றும் சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னான். ஐயர் வருகிறாரா இல்லையா, கொடி உண்டா இல்லையா, யாராவது பேசப்போகிறார்களா என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றான். அவனுக்குப் பதில் சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. கட்டாரிலிருந்து யோகேஸ்வரியின் கணவர் எடுத்த அழைப்பும் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

ஹுசைன் நானா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு, கட்சி கூடி முடிவெடுக்கட்டும் என்றார். எப்படியும் அனுதாபத் தீர்மானம் ஒன்று, பெட்டி மூடுவதற்கு முன் நிறைவேற்றியாக வேண்டும். செத்துப்போன எல்லாத் தோழர்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

“எந்தக் கட்சி நானா? நீங்க ரெண்டு பேரும்தானே கட்சி. ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைச்சு முடிவெடுங்களன்.”

“ரெண்டு பேருண்டா கட்சி இல்ல மகள். கோரம் மூணு.”

சொல்லிவிட்டு அவர் நின்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் அவர் அதை யோசித்திருக்கவில்லை என்பது யோகேஸ்வரிக்கு விளங்கியது. மூன்று பேர் இல்லாமல் கட்சி கூட முடியாது. கூடமுடியாத கட்சியால் புது ஆளைச் சேர்க்க முடியாது. தன்னை மூடிவிடுவதாகக்கூடத் தீர்மானம் எடுக்க முடியாது. அவர் மெல்ல ஒரு கதிரையைப் பிடித்து அமர்ந்தார். கால்மாட்டிலிருந்து ஹியூபேட் அங்கிள் இங்கே பார்த்தார்.

அவரே வந்தார். மேசைப்பக்கம் திரும்பி, பொதுவாகச் சொல்வதுபோல், கட்சியின் யாப்பு விதிகளில் ஒரு வழி இருக்கிறது என்றார். உறுப்பினர் தொகை கோரத்துக்குக் குறைந்தால், மிச்சம் இருக்கிறவர்கள் ஏகமனதாக ஒருவரைச் சேர்க்கலாம். ஒருவர் முன்மொழிய மற்றவர் வழிமொழிய வேண்டும். அவ்வளவுதான். பிறகு அவர் யோகேஸ்வரியைப் பார்த்தார். ஹுசைன் நானாவும் பார்த்தார்.

அவள் குரலை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தன்னுடைய அப்பா அங்கே கிடக்கிறார். முப்பது வருடமாக இந்தக் கட்சி அவளுடைய வீட்டில் சாப்பிட்டது, அவளுடைய வீட்டில் சண்டை பிடித்தது. அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்து அறையில் வங்கிகளைத் தேசியமயமாக்கியது. ஒரு வங்கியும் இவர்களிடம் வரவில்லை. இனி ஒரு நாளும் வராது. இன்று ஒரு நாளாவது தன்னையும் தன் தாயையும் விட்டுவிடச் சொன்னாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுத்துப் பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

“நான் சேர்றேன்.”

அம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்திருந்தாள்.

“அம்மா, நீங்க போய் இருங்க. உங்களுக்கு இதில ஒண்டும்...”

“ஒன்னைய கேட்டாங்க, நீ மாட்டேன்னுட்ட. நான் சேர்றேன்னு சொல்றேன். அதுக்கு ஏன் குறுக்க வர்ற?”

ஹுசைன் நானா எழும்பி நின்றார். உறுப்பினராகிறவர் கட்சியின் நோக்கங்களை ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும், அதற்கு முதலில் அவற்றை வாசித்துக் காட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“வாசிக்கத் தேவல்ல. செவத்துக்கு அந்தப் பக்கமிருந்து எத்தன வருசம் கேட்டுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் அம்மா. “மில்லு, காணி, பஸ்ஸு எல்லாம் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். அத அடிச்சுப் புடுங்கக் கூடாது, சனங்களக் கேட்டுத்தான் எடுக்கணும். சிங்களம் தமிழ்னு பாக்கக்கூடாது. ஆம்பள பொம்பள சமம். ஒரு முடிவு யாரைப் பாதிக்குமோ அவங்களக் கேக்காம அந்த முடிவை எடுக்கக்கூடாது. இன்னும் இருக்கு, எனக்கு மறந்துருச்சு.”

“வங்கி,” என்றார் ஹியூபேட் அங்கிள்.

“ஆமா. வங்கி.”

ஹுசைன் நானா முன்மொழிந்தார். ஹியூபேட் அங்கிள் தொண்டையைக் கனைத்து வழிமொழிந்தார். நாற்பது பேர் தொடங்கிய கட்சியில், நாற்பத்தைந்து வருடத்தில், ஒரு பெண் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

கூட்டம் மலர்ச்சாலையின் பின்பக்கத்தில், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும் அறையில் நடந்தது. ஒருவர் தலைமை தாங்க மற்றவர் ஒப்பமாட்டார் என்பதால் அம்மாதான் தலைவி என்றானது. யோகேஸ்வரி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, அதிர்ச்சியில் இப்படிச் செய்கிறாளோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. எரிச்சலும் போகவில்லை. ஒரு பக்கத்தில் தேநீர்க் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன. சுவரில் மலர்ச்சாலைக்காரரின் பிள்ளையார் கலண்டர் தொங்கியது. ஹியூபேட் அங்கிள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அனுதாபத் தீர்மானத்தை ஹுசைன் நானா கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். தோழர் வேலுசாமி பிறந்த தோட்டம், தொழிற்சாலை, வேலைநிறுத்தம் என்று அது போய்க்கொண்டே இருந்தது. சுருக்கமாகச் சொல்லுமாறு தலைவி கேட்டாள். அவர் கண்ணைத் திறந்து, “நல்ல மனுசன்,” என்றார். மூன்று கைகளும் உயர்ந்தன.

அடுத்ததாகத் தான் ஒரு தேவாரம் படிக்கப்போவதாக அம்மா சொன்னாள். ஐயர் வேண்டாம், நெய்ப்பந்தம் வேண்டாம். அப்பா வெளியே போயிருக்கும் நேரங்களில் அவள் அடுப்படியில் படிப்பது, அதை இன்று அவருக்குக் கேட்கப் படிக்க வேண்டும். ஹியூபேட் அங்கிள் எதிர்த்தார். மதம் தனியாள் விசயம், பொதுவில் அதற்கு இடமில்லை என்பது கொள்கை, இன்று ஒரு தேவாரத்துக்கு இடம் கொடுத்தால் நாளை என்ன என்று கேட்டார். அவளைப் பார்த்து அல்ல, கவிழ்த்த கோப்பைகளைப் பார்த்துக் கேட்டார். ஹுசைன் நானா வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குப் போவது வேலுசாமிக்குத் தெரியும். வேலுசாமி அதை ஒருநாளும் செயற்குழுவில் கொண்டுவந்ததில்லை. அவர் அம்மாவோடு கை தூக்கினார். இரண்டுக்கு ஒன்று. தன்னுடைய எதிர்ப்பைப் பதியவேண்டும் என்றார் ஹியூபேட் அங்கிள். அம்மா பதிந்துகொண்டதாகத் தலையை ஆட்டினாள்.

“இன்னொண்ணு இருக்கு. நானும் காட்டுக்கு வர்றேன். கடைசி வேலையை நான்தான் செய்வேன்.”

இதற்குள் மாமா கதவடிக்கு வந்துவிட்டிருந்தார். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றார். எங்களில் பொம்பிளைகள் சுடலைக்குப் போகிற வழக்கம் உண்டா என்றார். நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்றார். யோகேஸ்வரியும் பேசினாள். அங்கே போய் விழுந்துவிட்டால் யார் தூக்குவது, உங்களால் பார்க்க ஏலாதும்மா என்றாள்.

“நீ பாத்தியா, நான் பார்க்க ஏலாதவன்னு?” என்றாள் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போலக் கேட்டாள். யோகேஸ்வரி காலையிலிருந்து அம்மாவுக்காக எல்லோரிடமும் சண்டை பிடித்திருந்தாள். அம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

“இது குடும்பத்து விசயமா, கட்சி விசயமா அக்கா?” என்றார் மாமா.

“அவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. வீட்லயும் எல்லாத்துக்கும் கைதூக்கச் சொல்லுவாரு. டீவி வாங்கலாமா, வீடு மாறலாமா. அவரு கேக்கிற நேரமெல்லாம் என் கையில மாவு இருக்கும்.” அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “சரி, கை தூக்குங்க.”

ஹியூபேட் அங்கிள் உடனே தூக்கினார். ஹெந்தளையில் தன் மனைவியின் பெட்டிக்குப் பின்னால் மகள்மார்தான் நடந்தார்கள் என்றார். ஹுசைன் நானாவின் கை மேசையிலேயே இருந்தது. அவருடைய ஊரில் பெண்கள் அடக்கம் பார்க்க மையவாடிக்குப் போவதில்லை. அவருடைய உம்மா இறந்தபோது தங்கச்சிமார் ஜன்னலில் நின்றுதான் பார்த்தார்கள். அது சரியென்று அவர் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்ல வாய் வரவில்லை.

“நான் நடுநிலை தங்கச்சி,” என்றார். “மன்னிச்சிக்கங்க.”

“அது ஒங்க உரிமை நானா.” அம்மா தன் கையைத் தூக்கினாள். முழங்கைவரைதான் எழும்பியது. இரண்டு வாக்கு, எதிர்ப்பு இல்லை.

கொடியைப் பற்றிக் கேட்டபோது அம்மா, இரண்டையும் போடச் சொன்னாள். அவருக்கு எப்போதும் குளிரும் என்றாள். எதை மேலே போடுவது என்ற கேள்வி எழும்புவதற்குமுன் கூட்டம் முடிந்தது என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

மாமா ஐயருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். பிறகு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டார். அவருடைய மனைவி மட்டும் இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். றொஹானுக்கு யோகேஸ்வரி விசயத்தைச் சொன்னாள். அம்மாவும் வருகிறாள், அவள்தான் செய்வாள் என்று சிங்களத்தில் சொல்லும்போது அவளுக்கே புதிதாக இருந்தது. அவன் அதை ஒரு பெரிய விசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வரும் வான் வண்டியில் இடம் இருக்கிறது என்றான்.

அம்மா தேவாரம் படித்தாள். குரல் உடைந்தது, சுருதி சேரவில்லை, இரண்டாம் அடியை விட்டுவிட்டு மறுபடி வந்து பிடித்துக்கொண்டாள். ஹியூபேட் அங்கிள் மண்டபத்தைவிட்டு வெளியேறி வாசற்படியில் நின்றார். ஆனால் வாசற்படிவரைதான் போனார். பிறகு அவர் வந்து சிங்களத்தில் பேசினார். இரண்டு மொழியும் சமம் என்பதால் ஹுசைன் நானா அதைத் தமிழில் சொன்னார். சவர்க்கார மணம் மாறாத கையோடு மூன்று பேரும் ஒரே பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்ட கதையைச் சொன்னபோது ஹியூபேட் அங்கிள் அவர் பக்கம் திரும்பினார்.

“ஒரு வசனம் விட்டீங்க,” என்றார்.

“எந்த வசனம்?”

“மீனை எனக்குத் தந்தார் எண்டு சொன்னன். அதை விட்டீங்க.”

“அது எனக்கல்லவா தந்தது.”

யாருக்குத் தந்தது என்பதை அப்பாவிடம் கேட்கமுடியாது. பெட்டியை மூட வேண்டும் என்று றொஹான் வந்து நின்றான். இரண்டு பேரும் பெட்டியின் இரு பக்கமும் பிடித்தார்கள். தூக்கும் வயது இல்லாததால் பிடித்ததாகப் பெயர்.

மாதம்பிட்டியில் வெயில் இறங்கியிருந்தது. மதில் அருகே முன்னதாக முடிந்த மரணவீட்டுக்காரர்கள் சோடாப் போத்தல்களோடு நின்றார்கள். பெட்டியை உலைக்குள் தள்ளிய வேலையாள், யார் செய்வது என்று கேட்டான். அம்மா முன்னுக்குப் போனாள். சுவரில் ஒரு சுவிட்ச் பெட்டியும் அதில் ஒரு பச்சைப் பொத்தானும் இருந்தன. அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வேலையாள் அவள் விரலைப் பிடித்து இடத்தைக் காட்ட வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தடவிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். வலதுகைச் சுட்டுவிரலால் அழுத்தினாள். உள்ளே ஏதோ பெரிய காற்று எழும்புவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. யோகேஸ்வரி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்து, விழுந்தால் பிடிக்க ஆயத்தமாக நின்றாள். அம்மா விழவில்லை. சத்தம் சீராகும்வரை நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். யோகேஸ்வரிதான் கால் இடறிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சுடலையின் வாசல் படலைக்கு வெளியே மாமாவின் கார் நின்றது. அவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டியபடி கதவருகே நின்றார். அக்காவைப் பார்த்ததும் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

திரும்பும்போது வானில் அம்மா ஜன்னலோரம் இருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. முன்னிருக்கையில் ஹுசைன் நானாவும் ஹியூபேட் அங்கிளும் மீனைப் பற்றி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைக்கு எதிரிலிருந்த கடையின் பெயரில் ஒருவர் பிழை விட, மற்றவர் திருத்தினார். யோகேஸ்வரிக்கு இரண்டு பேரையும் வழியில் இறக்கிவிட வேண்டும் போலிருந்தது. வான் அசையத் தொடங்கியதும் ஹுசைன் நானா திரும்பினார்.

“தலைவர், அடுத்த கூட்டம் எப்ப வெச்சிக்கலாம்?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே ஒரு லொறி பின்னால் போவதைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கெழம வாங்க,” என்றாள் கடைசியில். “சாப்பிட்டுட்டு வாங்க.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்கள். யோகேஸ்வரி அம்மாவின் பக்கம் பார்த்தாள். அம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தாள். மடியில் கைகள் மடங்கிக் கிடந்தன. வலதுகையின் சுட்டுவிரல் மட்டும் மடங்காமல், சேலையிலும் படாமல், மற்ற விரல்களை விட்டு விலகி நீட்டியபடி இருந்தது.